பெருநாளுக்குப் பிறகு வரட்டாம்

வலி போய்விட்டால் நோயும் போய்விட்டது என்று நினைப்பதில் முனவ்வறா மட்டும் தனியாள் இல்லை. சாய்ந்தமருதில் பாதிப் பேர் அப்படித்தான். ஆனால் அவர்கள் யாரும் டொக்டர் சொல்லாததைச் சொன்னதாக வந்து சொல்லவில்லை. இவள் சொன்னாள்.

அவளுடைய புருஷன் மீராசா மௌலவி குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர். நோன்பு மாதத்து இரவுத் தொழுகையைப் பள்ளிவாசலில் நடத்துவது அவர்தான். பொய் பேசினால் பட்டினிதான் மிச்சம், நோன்பு இல்லை என்று ஊருக்குச் சொல்வதும் அவர்தான். அவர் ஓதுகிற ஓதலை நாலு பேர் புகழ்ந்தால் முனவ்வறாவின் தலை கொஞ்சம் நிமிரும். நிமிரட்டுமே, யாருக்கு நட்டம்?

எண்பத்திரண்டாம் ஆண்டு, நோன்புக்கு முந்திய வாரம், அவருடைய மேல் முன்பல்லில் வலி பிடித்தது. கல்முனையில் தங்கத்துரை டொக்டர், பிடுங்கத் தேவையில்லை என்றார். பல்லைத் துளைத்து, உள்ளே அழுகியிருந்த நரம்பை எடுத்து, வேரின் குழாயைக் கழுவி மருந்து வைத்து, மேலே தற்காலிகமாக அடைத்துவிட்டார்.

"அடுத்த கிழமை கட்டாயம் வாங்க மௌலவி. வேல இன்னும் முடியல்ல," என்றும் சொன்னார். வலியோ அன்றைக்கே பறந்துவிட்டது.

அடுத்த வாரம் நோன்பு வந்துவிட்டது. பல்லைக் கழுவும் தண்ணீர் தொண்டைக்குள் இறங்கினால் நோன்பு என்னாவது? மௌலவியே பகலில் நோன்பை முறித்தார் என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? முனவ்வறாவுக்கு அந்தப் பயம்தான் பெரும் பயம்.

"நீ கல்முனைக்குத் துணி எடுக்கப் போறாய்தானே," என்றார் மீராசா. "டொக்டரிட்டயும் ஒருக்காக் கேட்டுட்டு வாகா. அவர் என்ன சொல்றாரோ அப்பிடிச் செய்வம்."

போனாள். டொக்டரின் வாசலில் ஒரு படையே குந்தியிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. வலிதான் இல்லையே, இதற்கு ஒரு கேள்வியா என்று தானே தீர்ப்பெழுதிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

"என்னவாம்?" என்று கேட்டார் அவர்.

"பெருநாளுக்குப் பிறகு வரட்டாம்."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார் மீராசா. அவள் சொன்னால் அவருக்கு மறுபேச்சுக் கிடையாது.

நோன்பு பாதி தாண்டியது. ஒருநாள் நோன்பு திறக்கையில் பேரீத்தம்பழக் கொட்டையில் பல் இடித்து, அடைப்பு உடைந்து விழுந்தது. வலிக்கவில்லை என்று அவரும் விட்டுவிட்டார். பிறகு மேலுதடு வீங்கி மூக்கோடு சேர்ந்தது. காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. நோன்பைக் காப்பாற்றப் போன புண்ணியவதி, அவரை நோன்பே பிடிக்க ஏலாமல் படுக்க வைத்துவிட்டாள்.

தங்கத்துரை டொக்டர் பல்லைத் தட்டிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"மௌலவி, நரம்ப எடுத்ததாலதான் வலி போனது. சுகம் வந்ததால இல்ல. குழாய நிரப்பி நிரந்தரமா மூடினாத்தான் வேல முடியும். இப்ப கிருமி உள்ளுக்குப் போய்ட்டு, பல்லும் வேர் வரைக்கும் வெடிச்சிட்டு. இனிப் புடுங்கத்தான் வேணும். ஏன் வரல்ல? நோன்பெண்டா மஃரிபுக்குப் பிறகு, நோன்பு திறந்திட்டு வந்திரிக்கலாமே. ஒரு சொல்லுக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பன்."

மீராசா சுவரோரம் நின்ற மனைவியைத் திரும்பிப் பார்த்தார். குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். அவளுக்கு நெஞ்சு நின்றே போனது. இதோ சொல்லப் போகிறார், சொல்லட்டும், நான் செய்த வேலைக்கு இது போதாது என்று முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"என்ட பிழதான் டொக்டர்," என்றார் அவர். "நான்தான் கவனமில்லாம இருந்திட்டன்."

அதற்குப் பதில் அவர் நாலு பேருக்கு முன்னால் அவளை அறைந்திருக்கலாம்.

பல் போனால் சொல் போச்சு என்று சும்மாவா சொன்னார்கள். குர்ஆனில் சில எழுத்துகளுக்கு நாக்கின் நுனி மேல் முன்பல்லைத் தொட வேண்டும். வீக்கம் வடிந்த பிறகு மீராசா ஓதிப் பார்த்தார். காற்று ஓட்டையால் போனது. திரும்ப ஓதினார், திரும்பவும் போனது. வேறு ஆள் பார்க்கும்படி பள்ளிவாசலுக்குச் சொல்லியனுப்பிவிட்டு வந்து உட்கார்ந்தார்.

முனவ்வறாவுக்கு அதற்கு மேல் தாங்கவில்லை.

"நான் டொக்டரிட்டக் கேக்கவே இல்ல. பொய் சொல்லிட்டன்," என்றாள்.

"தெரியும் புள்ள."

"அப்ப ஏசுங்களன். ஏன் ஏசாம இரிக்கீங்க? ஒங்கட நோன்பு முறிஞ்சிரும் எண்டு பயந்துதான் சொன்னன்."

அவர் ஏசவில்லை. அவளை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால் அவளுக்கு அழவாவது முடிந்திருக்கும்.

"அண்டைக்கு," என்றார், "ஒனக்கும் நோன்புதானேகா."