பிரிக்காத மெத்தை

அவனுக்கு முறையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் சொந்தத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவன் மோப்பம்தான். பாலைக் காய்ச்சும் முன்பு ஒரு தடவை முகர்வான், காய்ச்சிய பிறகு ஒரு தடவை முகர்வான். கடைக்காரர் சிரித்தால் தராசைப் பார்ப்பான், சிரிக்காவிட்டால் பாக்கெட்டில் அச்சடித்த தேதியைப் பார்ப்பான். கல்யாணமான புதிதில், தான் கொடுத்த டீயைக்கூட மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டுத்தான் குடித்தான் என்று அவன் மனைவி இன்றைக்கும் சொல்லிக் காட்டுவாள்.

இப்படிப்பட்ட ஆசாமி கனரக லாரிக்கு லைசென்ஸ் வாங்கிவிட்டு, எந்தக் கம்பெனியில் சேரலாம் என்று தேடப் புறப்பட்டால் என்ன ஆகும்? வீட்டில் இருப்பவர்களுக்கு உயிர் போய் உயிர் வரும். ஒரு கம்பெனியில் வாசலில் நாய் குரைக்கவில்லை என்று திரும்பி வந்தான். இன்னொன்றில் மேனேஜர் கை குலுக்கும்போது உள்ளங்கை ஈரமாக இருந்ததாம்.

ஆனாலும் மனைவி அவனை ரொம்பத் திட்டவில்லை. காரணம் அவன் அண்ணன்.

அண்ணனும் தொலைதூர லாரி ஓட்டியவன்தான். நட்டநடுப் பகலில், நேர் ரோட்டில், எதிரே ஒரு வண்டிகூட இல்லாத இடத்தில் லாரியைப் பள்ளத்தில் இறக்கிவிட்டான். உயிர் தப்பியது, வலது கால் தப்பவில்லை, மடக்க முடியாதபடி விறைத்துப்போனது. ஆஸ்பத்திரியில் கண் விழித்ததும், "கண்ணு அசந்துருச்சு" என்று மட்டும் சொன்னான். பகலில் எவனுக்காவது கண் அசருமா? சொந்தக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மோப்பம் அதற்கும் ஒரு படி மேலே போனான். தலையணையைச் சரிசெய்வதுபோல் குனிந்து அண்ணன் வாயை முகர்ந்து பார்த்தான். மருந்து வாடைதான் வந்தது. மருந்து வாடை சாராய வாடையை மறைத்திருக்கும் என்று முடிவு கட்டினான். நிமிர்ந்தபோது அண்ணன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து ஒரே வீட்டில் இருந்தும் அண்ணன் அவனிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசுவதில்லை.

நொறுங்கிய லாரியிலிருந்து மீட்டுக் கொடுத்த சாமான்களில் ஒரு தலையணை இருந்தது. உறையில், புதிதாக வாங்கியபோது இருந்த கடைமடிப்புகூடக் கலையவில்லை. "குடிச்சானோ என்னமோ, ஆனா வண்டியைக் கண்ணாடி மாதிரி வச்சிருந்தான் பாரு" என்று எல்லோரும் அதை எடுத்து எடுத்துப் பார்த்தார்கள். பிறகு அது அலமாரிக்குள் போய்விட்டது.

ஆகவே மனைவி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான். "முழுசா போற ஆளு முழுசா வரணும். அப்படி ஒரு கம்பெனியா பாத்துச் சேருங்க. இல்லன்னா வேலையே வேண்டாம்."

முதலில் உருப்படியாகப் பார்த்தது ஒரு தகரக் கொட்டகை. மரக்கடைகளுக்குப் பின்னால், கிரீஸ் படிந்து கறுத்துப்போன மைதானத்தில் சில லாரிகள் நின்றன. முதலாளியம்மா பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்து போனில் யாரையோ வாங்கு வாங்கென்று வாங்கிக்கொண்டிருந்தாள்.

"இப்ப வராதுய்யா. சாயங்காலம்தான் கிளம்பும். ஏன்னா டிரைவர் தூங்குறாரு. ஆமா, தூங்குறாருன்னுதான் சொல்றேன், காதுல விழலையா?"

மோப்பத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. சரக்குக்காரனிடம் எந்த முதலாளியாவது இப்படிச் சொல்வாளா? டயர் பஞ்சர் என்று சொல்லலாம், ரோட்டில் நெரிசல் என்று சொல்லலாம். பொய்கூடச் சொல்லத் தெரியாதவள் கம்பெனி நடத்துகிறாளாம்.

லோடு ஏற்றிக் கட்டி முடித்த லாரி ஒன்றின் படியில் லோடுமேன் ஒருவர் கன்னத்தில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"ஏங்க, லோடுதான் ரெடியா இருக்கே. டிரைவரை எழுப்பலாமில்ல?"

"எழுப்பினா அம்மா என்னை வீட்டுக்கு அனுப்பிடும்."

அப்படியானால் டிரைவர் அந்தம்மாவின் சொந்தக்காரராக இருக்க வேண்டும். மோப்பம் படியேறி, திறந்திருந்த கதவு வழியாகத் தலையை நீட்டினான். சீட்டுக்குப் பின்னால் இருந்த படுக்கையில் ஒரு கனத்த ஆசாமி உலகத்தை மறந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து வந்த நாற்றம் மூக்கைப் பிடித்துத் தள்ளியது. வியர்வை, தலைக்கு வைத்த எண்ணெய், என்றைக்கோ துவைக்க மறந்த காலுறை, எல்லாம் ஒன்றாகக் கலந்த நாற்றம். மெத்தை நடுவில் பள்ளம் விழுந்திருந்தது. தலையணை மஞ்சளேறிப் போயிருந்தது. மோப்பம் விடவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எட்டி, அந்த ஆளின் வாயருகே ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தான். சாராய வாடை இல்லை. அப்படியானால் வாடை வராத சரக்கு என்று முடிவு செய்துகொண்டு இறங்கினான்.

முதலாளியம்மா போனை வைத்துவிட்டு, "சேரணும்னா எப்ப வேணா வாப்பா. நல்லாத் தூங்கிட்டு வா, அதான் முக்கியம்" என்றாள்.

"பாக்கலாம்மா" என்று சொல்லிவிட்டு அவன் திரும்பிப் பார்க்காமல் நடந்தான். தூங்குமூஞ்சிகளின் கூடாரம் என்று வழியெல்லாம் முணுமுணுத்துக்கொண்டே வந்தான்.

இரண்டாவது, அவன் மைத்துனன் வேலை பார்க்கும் கம்பெனி. மனைவியின் தம்பி அங்கே ஏசி அறையில் உட்கார்ந்து எந்த லாரி எங்கே போக வேண்டும் என்று டிரிப் போடுகிறவன். கண்ணாடிக் கதவு, குளிர்ந்த தண்ணீர், சுவரில் பெரிய திரை, அதில் நகர்ந்துகொண்டே இருக்கும் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் ஒரு லாரி.

இங்கேதான் மோப்பத்துக்குச் சோதனை வந்தது. எங்கே தேடியும் குறை கிடைக்கவில்லை. டயர்களுக்குள் விரலை விட்டுப் பார்த்தான், எல்லாம் புதுசு. கழிவறையை முகர்ந்தான், பினாயில் மணத்தது. மேனேஜர் கையைக் குலுக்கினான், உலர்ந்திருந்தது.

"டிரைவருங்ககிட்ட ரெண்டு வார்த்தை பேசலாமா மாப்ள?"

"யாரும் இல்லயே மாமா. எல்லாரும் ரோட்ல இருக்காங்க. நம்ம வண்டி நிக்கவே நிக்காது" என்றான் மைத்துனன் பெருமையாக. "சும்மா மோந்துகிட்டே இருக்காம ஒத்துக்கங்க மாமா. இங்க உங்களுக்கு ஒண்ணும் சிக்காது."

மூக்கின் நுனியில் ஏதோ ஒன்று அரித்தது. ஆனால் என்னவென்று பிடிபடவில்லை. எத்தனை நாள்தான் ஊரெல்லாம் தன்னைப் பார்த்துச் சிரிப்பது என்று அவனுக்கே அலுத்துவிட்டது. தலையை ஆட்டிவிட்டான். வீட்டில் மனைவிக்குக் கால் தரையில் பாவவில்லை. தம்பி கண்ணெதிரே புருஷன் வேலை பார்க்கப் போகிறான், வேறென்ன வேண்டும்?

சேருகிற அன்று அவளும் கூட வந்தாள். கையில் புதுப் போர்வை. அலமாரியில் சும்மா கிடந்த அண்ணனின் தலையணையையும் எடுத்து வந்திருந்தாள். அண்ணன் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் இருந்தான்.

வெள்ளை லாரி கழுவித் துடைத்துப் பளபளவென்று நின்றது. அவள் அதைவிடப் பளபளத்தாள். புடவையைச் சொருகிக்கொண்டு கேபினுக்குள் ஏறியவள், படுக்கையின்மேல் கையை வைத்தாள். சரசரவென்று சத்தம் கேட்டது.

"அட, மெத்தைகூடப் புதுசுடா! பிளாஸ்டிக் உறையே பிரிக்கல. இருங்க, நான் பிரிச்சுப் போர்வையைப் போட்டுடறேன்" என்று ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, கிழிச்சுடாதே!"

கீழே நின்றிருந்த மைத்துனன் போட்ட சத்தத்தில் அவள் கை அப்படியே நின்றுவிட்டது.

"ஏண்டா?"

"இல்லக்கா... அது அப்படியேதான் இருக்கணும்."

மோப்பத்தின் மூக்கு விழித்துக்கொண்டது. ஆனால் இந்தத் தடவை வேலை செய்தது கண்தான். ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். காலுக்கடியில் ஆக்சிலேட்டரின் ரப்பர் முழுக்கத் தேய்ந்து இரும்பு பல்லிளித்தது. ஸ்டீயரிங்கில் கை பிடிக்கும் இரண்டு இடமும் வழவழத்துப் போயிருந்தது. சீட்டின் ஓரம் பிய்ந்து பஞ்சு எட்டிப் பார்த்தது. வெளியே அடித்த வெள்ளை மட்டும்தான் புதிது. உள்ளே இந்த வண்டி ஓடி ஓடிக் களைத்துக் கிடந்தது.

"மாப்ள, இது எவ்வளவு ஓடின வண்டி?"

"அது ஓடியிருக்கும் மாமா, பல லட்சம் கிலோமீட்டர். கண்டிஷன் சூப்பர்."

"அத்தனை தூரம் ஓட்டினவன் எங்கே படுத்துத் தூங்கினான்?"

மைத்துனன் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பிறகு ஷூவைப் பார்த்தான்.

"லோடு ஏத்துறப்ப சீட்லயே அப்படிச் சாஞ்சுக்குவாங்க மாமா. மெத்தையில படுத்தா அசந்துடுவாங்க, டிரிப் லேட்டாயிடும். அதான் மேலிடத்துல பிளாஸ்டிக்கைப் பிரிக்க வேணாம்னு சொல்லிருக்காங்க. திரும்பி வந்ததும் பாப்பாங்க. கசங்கியிருந்தா கூப்பிட்டு ஏன்னு கேப்பாங்க, அவ்வளவுதான். எல்லாரும் பழகிட்டாங்க."

அவன் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னான். சொல்லக் கூடாத எதையும் சொல்லிவிட்டதாக அவன் நினைக்கவில்லை. மோப்பத்துக்குத் திரையில் ஓடிக்கொண்டே இருந்த புள்ளிகள் நினைவுக்கு வந்தன. ஒன்றுகூட நிற்கவில்லை.

மனைவி தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ எங்கடா தூங்குற?"

"நானா? வீட்லதான்க்கா."

அவள் போர்வையை மடித்துக் கக்கத்தில் வைத்தாள். தலையணையை எடுக்கும்போதுதான் அதைச் சரியாகப் பார்த்தாள். கடைமடிப்புக் கலையாத உறை. ஒரு எண்ணெய்க் கறை இல்லை, ஒரு முடி இல்லை. அவள் நிமிர்ந்து கணவனைப் பார்த்தாள். அவனும் அந்தத் தலையணையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இருவருக்கும் ஒரே நேரத்தில் விஷயம் விளங்கியது.

மைத்துனன் "மாமா, மாமா" என்று பின்னாலேயே ஓடிவந்தான். அவர்கள் கேட்டைத் தாண்டிவிட்டார்கள்.

வீட்டில் அண்ணன் மடக்க முடியாத காலை நீட்டியபடி, யாருடையதோ ஒரு மின்விசிறியைப் பிரித்துப் போட்டுப் பழுது பார்த்துக்கொண்டிருந்தான். மோப்பம் நேராகப் போய் அவன் எதிரே தரையில் உட்கார்ந்தான்.

"அண்ணா, உன் வண்டில மெத்தைமேல பிளாஸ்டிக் இருந்துச்சா?"

ஸ்க்ரூடிரைவர் நின்றது.

"இருந்துச்சு."

"ஏன்ணா எங்ககிட்ட சொல்லல?"

"சொன்னேனேடா. கண்ணு அசந்துருச்சுன்னு வாயைத் திறந்து சொன்னேன். நீ அந்த வாயை மோந்து பாத்த."

ஊர் உலகத்தையெல்லாம் சந்தேகப்பட்ட மூக்கு, சந்தேகப்படவே கூடாத இடத்தில் போய் நுழைந்திருக்கிறது. மோப்பத்துக்கு அழுகை வந்தது. அவன் அதை மறைக்கவில்லை. "தப்புண்ணா. நான் பண்ணது பெரிய தப்பு" என்றான். அண்ணனின் நல்ல காலைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் காலை இழுத்துக்கொள்ளவில்லை.

பிறகு அண்ணன் கேட்டான். "அப்ப மச்சினன் கம்பெனி வேணாமா?"

"வேணாம்ணா. இன்னொண்ணு பாத்தேன், தகரக் கொட்டகை. நான்தான் வேணாம்னு வந்துட்டேன்."

"ஏன்? அங்க உன் மூக்குக்கு என்ன பட்டுச்சு?"

"மெத்தை நாறுதுண்ணா. நடுவுல பள்ளம் விழுந்து கிடக்கு. தலையணையெல்லாம் ஒரே மஞ்சள். டிரைவர் தூங்குறாரு, வண்டி வராதுன்னு அந்தம்மாவே போன்ல கத்துது."

அண்ணன் ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான்.

"நல்லா நாறுதா?"

"குமட்டிட்டு வருது."

விபத்துக்குப் பிறகு அண்ணன் சிரித்து யாரும் பார்த்ததில்லை. இப்போது சிரித்தான். சிரிப்பு அடங்கியதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாளைக்கே போய்ச் சேருடா" என்றான்.

கதவோரம் நின்றிருந்த மனைவி தலையணையை அலமாரிக்குள் திருப்பி வைக்கப் போனாள். அண்ணன் கையை நீட்டி அதை வாங்கினான். தன் மடியில் வைத்து, அந்தக் கடைமடிப்பைக் கட்டைவிரலால் ஒருமுறை தடவினான். பிறகு தம்பியின் கையில் திணித்தான்.

"இதையும் எடுத்துட்டுப் போ. திரும்பி வர்றப்ப அழுக்காக் கொண்டா."