பம்பு நின்றால் எவ்வளவு இறங்கும்

மார்ச் 11, செவ்வாய். இன்று ஒரு சிறிய தவறு. பம்பு ஓடும்போதே கீழ்த்தொட்டியை விளிம்புவரை நிரப்பிவிட்டேன்.

நோட்டில் தான் எழுதிய 'சிறிய' என்பதைத் தங்கை அடித்துவிட்டாள். பிளம்பிங் மாலை வகுப்பில் நாட்குறிப்பு கட்டாயம். மழுப்பி எழுதினால் அவளுக்கே உறுத்தும்.

தையலறை மூலையில் மீன்தொட்டி. அதற்கு அடியில் தண்ணீரை வடிகட்டும் கீழ்த்தொட்டி. பம்பு அங்கிருந்து மேலே ஏற்றும். மேலே மிகுந்தது இன்னொரு குழாயில் கீழே விழும். காலையில் அக்கா இஸ்திரிப் பெட்டிக்காகப் பம்பின் பிளக்கைப் பிடுங்கினாள். ஏற்றும் குழாய் வழியாகவே தண்ணீர் திரும்பி இறங்கியது. கீழ்த்தொட்டி வழிந்து, வெட்டி வைத்திருந்த கோட்டுத் துணி ஊறிப்போனது. இது மூன்றாவது முறை.

அக்கா கத்தவில்லை. நனைந்த துணியைப் பிழிந்துகொண்டே சொன்னாள்:

"கடலோரத்துல கடை வெச்ச மாதிரி இருக்குடி. இன்னொரு தடவை தரை நனைஞ்சா, மீனை யாருக்காவது குடுத்துடு."

ஆறு வருடம் வளர்த்த மீன்கள். மாலையில் வேலை முடிந்து வந்த தங்கை, கால் கெஞ்சியும் உட்காரவில்லை. கீழ்த்தொட்டியிலிருந்து இரண்டு வாளி தண்ணீரை மொண்டு வெளியே ஊற்றினாள். ஏற்றும் குழாயில், மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு துளை போட்டாள். மட்டம் அதற்குக் கீழே போனால் காற்று புகுந்து இறக்கம் நிற்கும் என்று வகுப்பில் சொல்லியிருந்தார்கள். தனக்குச் சரியாகப் புரிந்ததா என்பதுதான் சந்தேகம். முகம் கழுவிச் சாப்பிட்டுவிட்டு வந்து, அக்காவைப் பிளக்கைப் பிடுங்கச் சொன்னாள்.

கீழே தண்ணீர் ஏறியது. விளிம்புக்கு நான்கு விரல். மூன்று. நிற்கவில்லை.

மேலே எட்டிப் பார்த்தாள். துளையின் மேல் ஒரு நத்தை அப்பிக்கொண்டிருந்தது. கையை விட்டு அதை நகர்த்தினாள். குழாய் களுக்கென்று காற்றை இழுத்தது. தண்ணீர் இரண்டு விரலில் நின்றது.

"இது யாரு, உன் கூடப் படிக்கிற ஆளா?" என்றாள் அக்கா, நத்தையைக் காட்டி. வெறுங்காலால் தரையைத் தடவிப் பார்த்தாள். காய்ந்திருந்தது. "சரி, மீன் இங்கேயே இருக்கட்டும்."

சிரிக்கக்கூடத் தெம்பில்லாமல் தங்கை நோட்டை எடுத்தாள்.

நாளை: நத்தையை வாளிக்கு மாற்ற வேண்டும். துளையைக் குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும். பம்பை நிறுத்தி, கீழ்த்தொட்டியில் தண்ணீர் நிற்கும் இடத்தில் கோடு போட வேண்டும். இனி பம்பு நின்றிருக்கும்போதுதான், அந்தக் கோடு வரை மட்டும் நிரப்ப வேண்டும்.