நடுவில் மூன்று வாரம்

“எனக்குப் பென்ஷன் நாலு வாரத்துக்கு ஒரு தடவைதான் வருது, நார்மா. நடுவுல மூணு வாரம் உன் வாரப் பென்ஷன்ல சமாளி.”

கணவன் டெஸ்மண்ட் அப்படிச் சொல்லி ஆறு வருஷம். இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊர்க் குளிரில் ஹீட்டரை அணைத்து, கோட்டோடு தூங்கிச் சமாளித்தாள் நார்மா.

இன்று பென்ஷன் அலுவலகத்திலிருந்து அவனுக்கு வந்த கடிதத்தைத் தவறுதலாகப் பிரித்துவிட்டாள். ‘தாங்கள் ஆரம்பத்தில் கேட்டபடி, வாரந்தோறும் திங்கட்கிழமை பென்ஷன் தொடரும்.’

விசிலடித்தபடி உள்ளே வந்தவனிடம் நீட்டினாள். விசில் நின்றது.

“குதிரை ரேஸ்ல... கொஞ்சம் கட்டினேன்...”

“நான் கோட்டோட தூங்கினேன், டெஸ்மண்ட்.”

பென்ஷன் அலுவலகத்துக்கு அவன் எதிரிலேயே போன் செய்தாள்.

“வாரா வாரம் வேண்டாம். இனிமே எனக்கு நாலு வாரத்துக்கு ஒரு தடவை அனுப்புங்க.”

போனை வைத்தாள்.

“நடுவுல மூணு வாரம் நீ சமாளி.”