உக்குவளையில் தோற்காத மனேஜர்

1

இந்தக் கதையின் மூலம் ஒரு கச்சான் சுருள், வறுத்த கடலை சுற்றிய கடதாசி. மாத்தளையிலிருந்து கண்டிக்குப் போகும் வழியில், உக்குவளையில் ரயில் நின்றபோது வாங்கியது. கச்சானைத் தின்று முடித்துக் கடதாசியைப் பிரித்தேன். இங்கிலாந்துப் பத்திரிகையின் கிழிந்த பாதி. ஏதோ ஒரு கிளப் ஐந்துக்குப் பூச்சியம் என்று தோற்றிருந்தது. எனக்கென்ன போச்சு, ஜன்னலால் எறிந்துவிட்டேன். நான் எறிந்தது ஒரு மனிதரிடமிருந்து ஒளித்துவைக்கப்பட்ட தோல்வி என்பது பிற்பாடுதான் தெரியவந்தது. அந்தக் காரியத்தில் எனக்கும் ஐந்து கோல் அளவுக்குப் பங்கிருப்பதால் எழுதுகிறேன்.

தொடக்கத்தை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

"மழை விட்டிருந்த ஒரு மாலைப்பொழுதில் உக்குவளைக் கடைத்தெரு—"

வேண்டாம். அங்கே மழை விட்டால்தானே.

"டெய்லர் முத்தலிப் ஒரு நல்ல மனிதர்—"

இதுவும் சரிவராது. முதல் வரியிலேயே நல்லவர் என்று சொல்லிவிட்டால், அவருக்கு என்ன கெடுதல் வரப்போகிறது என்று வாசகர் காத்திருக்கத் தொடங்கிவிடுவார்.

"1963ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மிகச் சிறந்த உதைபந்தாட்ட மனேஜர் யார் என்று கேட்டால், உலகம் ஒரு பெயரைச் சொல்லும், உக்குவளை வேறொரு பெயரைச் சொல்லும்."

இது நிற்கட்டும்.

கதையில் ஒரேயொரு கேள்விதான். அதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்: முத்தலிப், எதிர்க்கடை றாபியாவிடம் தன்னை நிக்காஹ் செய்துகொள்ளச் சம்மதமா என்று கேட்பாரா, மாட்டாரா? மனேஜர்கள் எல்லாம் அந்தக் கேள்வியைச் சுற்றிக்கொண்டு போகும் பாதை.

2

முத்தலிப்புக்கு நாற்பத்தெட்டு வயது. மனைவி நோயில் மவுத்தாகி ஒன்பது வருடம். பிள்ளை இல்லை. அவர் தைத்த காற்சட்டையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது என்பார்கள். அந்தக் காலத்தில் உக்குவளையில் பல வேலைகள் நடக்காமல் கிடந்ததற்கு அதுதான் காரணம் என்றும் சொல்வார்கள்.

(முதல் பிரதியில் அவரைக் கொல்லராக வைத்திருந்தேன். கொல்லரிடம் அளவுப் புத்தகம் இருக்காது. கதைக்கு ஒன்று தேவைப்பட்டது. தொழிலை மாற்றினேன். அவர் எதிர்ப்புச் சொல்லவில்லை.)

எல்கடுவ மலையிலுள்ள ஒரு தோட்டத்துத் துரையின் பங்களாவுக்கு இங்கிலாந்திலிருந்து ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகை கப்பலேறி ஐந்து வாரம் கழித்து வரும். துரைக்குச் சமைத்துப் பரிமாறும் பங்களா அப்பு, துரை வாசித்து முடித்ததைக் கட்டாகக் கட்டி றாபியாவின் கச்சான் கடைக்குக் கொண்டுவருவான். சுருள் செய்ய. அப்படி 1959இல் ஒரு சுருளைப் பிரித்தபோது முத்தலிப் ஒரு படத்தைக் கண்டார். மைதான ஓரத்தில், மழையில், ஓவர்கோட்டும் தொப்பியுமாகத் தனியே நிற்கும் ஒருவர். மனேஜர் ஹாக்ஸ்வெல். (பெயர் என் கற்பனை. இங்கிலாந்துப் புத்தகங்களில் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கிளப்பின் பெயரைச் சொல்லவே மாட்டேன்.) டெய்லரின் கண் முகத்துக்குப் போகவில்லை, கோட்டுக்குத்தான் போயிற்று. இரண்டாவது பொத்தான் வேறு நூலில், இழுத்து இழுத்து, ஆண்பிள்ளைத் தையலாகத் தைக்கப்பட்டிருந்தது.

வீட்டில் ஆளில்லாத மனிதன் என்று முத்தலிப்புக்கு விளங்கிவிட்டது. அன்றிலிருந்து ஹாக்ஸ்வெல் அவருடைய ஆள்.

"ஆடுறவன் ஓடுறான், உதைக்கிறான், களைச்சிப் போய்த் தூங்குறான். வெளிய நிண்டு பாக்கிறவனுக்குத்தான் நோவு" என்பது அவர் கட்சி. ஆகவே ஆட்டக்காரரை விட்டுவிட்டு மனேஜர்களை மட்டுமே எடை போட்டார். அளவுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் ஆளுக்கொரு வரி. நெஞ்சு என்ற கட்டத்தில் வெற்றி. இடுப்பில் சமநிலை. கால் நீளத்தில் தோல்வி. வுல்வ்ஸ் கிளப்பின் கலிஸுக்கு நல்ல நெஞ்சு. இப்ஸ்விச்சைக் கீழ்ப்பிரிவிலிருந்து ஏற்றி, ஏறிய முதல் வருடத்திலேயே கிண்ணம் எடுத்துக்கொடுத்த ராம்ஸிக்கு, "பழைய துணி, புதுக் கோட்டு" என்று ஒரு குறிப்பு. மான்செஸ்டரின் பஸ்பிக்கு எந்தக் கட்டமும் பொருந்தவில்லை. விமான விபத்தில் பிள்ளைகளைப் பறிகொடுத்து, தானும் சாகக் கிடந்து எழும்பி, மறுபடி ஓர் அணியைக் கட்டியவரை எந்த இடத்தில் அளப்பது? ஓரத்தில் எழுதினார்: "பாதித் துணி போயிற்று. இருந்ததில் தைத்தார்."

ஆனால் ஹாக்ஸ்வெல்லின் வரியைப் பாருங்கள். நெஞ்சு 61. இடுப்பு 34. கால் 0.

நான்கு வருடம், ஒரு தோல்வி இல்லை. சில வாரத்துப் பத்திரிகை கிடைக்காதுதான். அதைக் கப்பலின் தாமதம் என்றோ, துரையின் நாய் கடித்திருக்கும் என்றோ எடுத்துக்கொண்டார்.

தேத்தண்ணிக் கடையில் பஸ் கொண்டக்டர் ஒருவர் எதிர்வாதம் வைத்தார். "மான்செஸ்டர்காரர் பெரிய ஆளில்லயா, நானா?"

"பெரிய ஆள்தான். யார் இல்லையெண்டு செல்றது? ஆனா தோத்திருக்கார்."

அதோடு வழக்கு முடிந்தது. ஹாக்ஸ்வெல்லுக்கு அவர் பிறந்த ஊரிலும் அத்தனை ஆதரவு இருந்திருக்காது.

3

இந்த இடத்தில் எனக்கு, தோல்விகளை ஒளித்த றாபியாமேல் சந்தேகம் வந்துவிட்டது. தமிழும் குர்ஆனும் மட்டும் ஓதத் தெரிந்த பெண், இங்கிலீஷ் பேப்பரில் தோல்வியை எப்படிக் கண்டுபிடித்தாள்? மூன்று வாரம் எழுதாமல் இருந்தேன். பிறகு யோசித்தால், இலக்கம் எல்லாருக்கும் ஒன்றுதானே. முத்தலிப் விரல் வைத்துக் காட்டிய அந்தக் கிளப்பின் முதலெழுத்து கொக்கிபோல் இருக்கும். கொக்கிப் பக்கத்து இலக்கம் சிறிதாக இருந்தால் தோல்வி. அவ்வளவுதான். அந்தத் தாளைச் சுருட்டி வேறு யாருக்காவது கொடுத்துவிடுவாள்.

(உதைபந்தாட்டம் தெரிந்த வாசகர் கேட்பார்: பக்கத்தின் அடியில் பட்டியல் இருக்குமே, அதில் தோல்விக் கணக்கு இருக்குமே என்று. அடிப்பாதியைக் கிழித்துத்தான் சின்னச் சுருள் செய்வது. முத்தலிப் வாங்குவது பெரிய சுருள். கிளப்பும் சின்னது, அதன் மனேஜர் பெயர் மேற்பாதியில் வருவது அபூர்வம்.)

இப்படியாக நான்கு வருடம் மாத்தளை மாவட்டமே ஹாக்ஸ்வெல்லின் தோல்விகளைக் கையில் பிடித்துக்கொண்டு கச்சான் தின்றது. எல்கடுவத் தொழிலாளர் லயங்களுக்கு இரண்டுக்கு மூன்றுகள் போயின. நாலந்தா பஸ்ஸில் பூச்சியத்துக்கு நான்கு ஒன்று போயிற்று. என்னிடம் வந்தது ஐந்து. முத்தலிப்பிடம் மட்டும் வெற்றிகளும் சமநிலைகளும் வந்துசேர்ந்தன.

றாபியாவுக்கு முப்பத்தொன்பது வயது. புருஷன் இறந்து, தனியாகக் கடை வைத்து வறுத்து விற்றாள். 1963 ஜூலையில் தம்புள்ளையிலிருந்து அவளுடைய நானா, கூடப்பிறந்த அண்ணன், வந்து, அங்கே ஒரு மரக்கறி வியாபாரிக்கு அவளைக் கேட்டிருப்பதாகச் சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்குப் பிறகு லொறி வரும், சாமானை ஏற்று என்றார். றாபியா அவருக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தாள்.

முத்தலிப்புக்கு இது புதன்கிழமையே தெரியும். அன்றைக்கு மூன்று காற்சட்டைகளைத் தலைகீழாகத் தைத்தார்.

4

வியாழக்கிழமை காலை, பங்களா அப்பு அழகையா துரையின் காற்சட்டையோடு வந்தான்.

"நானா, இடுப்பில ரெண்டு இஞ்சு விட்டுக் குடுங்க. தொரைக்கு வயிறு போட்டிருச்சு. அவரு ஒத்துக்க மாட்டாரு, துணி சுருங்கிருச்சுங்கிறாரு."

"சுருங்கும். இங்கிலாந்துத் துணிக்கி வெக்கம் கூட."

பேச்சு எங்கெங்கோ சுற்றித் துரையின் ஊருக்கு வந்தது. ஹாக்ஸ்வெல்லின் கிளப்தான் துரையுடைய கிளப்பும். முத்தலிப் அளவுநாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்தார்.

"அப்ப ஒங்க தொரை குடுத்து வெச்சவர். தோல்வியே தெரியாத மனேஜர்."

"யாரு, அந்த ஹாக்ஸ்வெல்லா?" அழகையா சிரித்துவிட்டான். "அந்த ஆளைத் தூக்கி ரெண்டு வருசம் ஆச்சுங்களே. தோத்துத் தோத்துக் கீழ் டிவிசனுக்குப் போயிருச்சு. அந்தச் சேதி வந்த அன்னிக்கி தொரை சோறு வேணாம்னுட்டாரு. மேசையை எடுத்ததே நான்தானே."

"பேப்பர் வராத வாரத்தில தோத்திருக்குமா?"

"எந்த வாரம் வரல? ஒண்ணு விடாம நான்தானே கட்டிக் கொண்டாந்து எதிர்க்கடையில குடுக்கிறேன்."

முத்தலிப் அளவுப் புத்தகத்தைப் பார்த்தார். நான்கு வருடமாகக் காலில்லாத ஒருவருக்குக் கோட்டுத் தைத்திருக்கிறார். அதிலும் கடைசி இரண்டு வருடம் கோட்டுக்குள் ஆளே வேறு. பிறகு ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் பார்த்தார். அவர் முகத்தைப் பார்த்த அழகையா, காற்சட்டையை வைத்துவிட்டு மெல்லக் கழன்றுவிட்டான்.

5

ரோட்டின் அகலம் பதினெட்டு அடி. அதைக் கடக்க அன்றைக்குப் பின்னேரம், அஸர் தொழுகை நேரமாகிவிட்டது.

"எல்லாப் பேப்பரும் வருதாம்" என்றார்.

றாபியா வறுக்கும் மணலைக் கிளறியபடி இருந்தாள். "வருது."

"எனக்கி எல்லாம் வரல்ல."

"வரல்ல."

"ஏன்?"

"நீங்க தின்னாமப் போறீங்க, நானா."

அவருக்கு விளங்கவில்லை. அவள் அகப்பையைக் கீழே வைத்தாள்.

"மொத வருசம் பாத்தேன். அந்த ஆள் சமனா விட்டாலே, பாதிக் கச்சானை இதே பலகையில வெச்சிட்டுப் போயிருவீங்க. ஒரு நாள் இந்தப் பக்கம் வரமாட்டீங்க. தோத்தா எத்தனை நாளோ. வெண்டா, திண்டிட்டு இன்னொண்டு வாங்குவீங்க. நிண்டு கதைப்பீங்க. அந்த ஆள் ஆரெண்டு எனக்கித் தெரியாது. நீங்க நிண்டு கதைக்கணும், அவ்வளவுதான்."

"ஊரே சிரிக்கப் போகுது."

"சிரிக்கட்டும். ஊருக்கு நான் என்ன கச்சான் கடனா?"

(இங்கே முத்தலிப் கோபப்பட வேண்டும் என்று எழுதியிருந்தேன். "என்னை என்ன சின்னப் பிள்ளையெண்டு—" என்று தொடங்கும் ஒரு வசனமும் இருந்தது. அவர் அதைச் சொல்ல மறுத்துவிட்டார். விட்டுவிட்டேன்.)

றாபியா தகரப் பெட்டிக்கு அடியிலிருந்து ஒரு முழுத்தாளை எடுத்தாள். கிழிபடாத தாள். ஒரு சின்னப் பெட்டியோடு இரும்புக் கதவைத் தாண்டி வெளியே போகும் மனிதர். அதே ஓவர்கோட்டு.

"இதை மட்டும் சுருட்ட மனம் வரல்ல. என்ன எழுதியிருக்கு?"

முத்தலிப் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். தமிழில் சொன்னார். "எழுபது தரம் வெண்டிருக்கார். நாப்பத்தொண்டு சமன். தொண்ணூத்தேழு தோல்வி. கடைசிக் கூட்டத்தில, ஒங்க மேல பிழை இல்லையெண்டு செல்லித்தான் அனுப்பியிருக்காங்க."

"தொண்ணூத்தேழு."

"தொண்ணூத்தேழு."

றாபியா அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவரைப் பார்த்தாள்.

"அப்ப இவர் கெட்டிக்காரரா, இல்லையா? செல்லுங்க. நாளைக்கி லொறி வருது. அதுக்கு முந்தி எனக்கித் தெரியணும்."

6

இங்கிலாந்தில் இதற்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நூற்றுக்கு எத்தனை வெற்றி, எத்தனை கிண்ணம், எத்தனை வருடம் தாக்குப்பிடித்தார். அப்படிப் பார்த்தால் ஹாக்ஸ்வெல் வீட்டுக்குப் போக வேண்டியவர்தான். ஆனால் தொண்ணூற்றேழு தடவை தோற்று, அடுத்த சனிக்கிழமையும் கோட்டைப் போட்டுக்கொண்டு மைதான ஓரத்தில் வந்து நின்றதை எந்தக் கட்டத்தில் எழுதுவது? முத்தலிப் ஒன்பது வருடமாக எந்தப் போட்டிக்கும் வரவில்லை. அவருடைய கால் அளவு பூச்சியம் என்பது நிஜம். விளையாடாதவருக்குத் தோல்வி ஏது?

அவரும் அந்தப் பலகைக்கு முன்னால் நின்று இதைத்தான் நினைத்திருப்பார் என்று எனக்குப் படுகிறது.

முடிவு ஒன்று: "கெட்டிக்காரர்தான். நீங்க போக வேணாம்" என்கிறார். வசனம் நன்றாகத்தான் விழுந்தது. ஆனால் இப்படிப் பளிச்சென்று பேசக்கூடியவர் 1959லேயே பேசியிருப்பாரே.

முடிவு இரண்டு: "செல்லத் தெரியல்ல" என்று திரும்பி ரோட்டைக் கடக்கிறார். மறுநாள் லொறி வருகிறது. றாபியா முன்சீட்டில் ஏறி, தையல் கடைப் பக்கம் பார்க்காமல்— இதை ஆறு தடவை எழுதினேன். ஆறு தடவையும் லொறி நாலந்தா ஏற்றத்தில் நின்றுவிட்டது. எனக்கு லொறி திருத்தத் தெரியாது. அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, வந்த வழியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பாள். அதற்குமேல் பேனா போகாது.

முடிவு மூன்று: முத்தலிப் வாயைத் திறக்கிறார், ஒரு—

நடந்தது என்ன என்பது எனக்குத் தெரியும். உக்குவளையில் பழைய ஆட்களைக் கேட்டால் அவர்களும் சொல்வார்கள். ஆளுக்கொன்று சொல்வார்கள், அதுதான் தொல்லை. நான் சொல்லப்போவதில்லை.

மணல் ஆறவில்லை. இருவருக்கும் நடுவில் அந்தத் தாள் விரித்தபடி கிடக்கிறது. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்கிறார். அவள் காத்திருக்கிறாள். அவருக்கு என்ன பதில் எடுத்துக்கொடுப்பது என்பதை நீங்கள் ஆற அமர யோசிக்கலாம். ஒரு வாரம் எடுங்கள், ஒரு வருடம் எடுங்கள். இந்தக் கதையில் வெள்ளிக்கிழமை வராது. அதை மட்டும் நான் பார்த்துக்கொள்கிறேன்.