கிளைவின் வலது கை

விழுந்தால் கையிலிருக்கும் பனிக்கோடரியை ஊன்றித் தன்னைத் தானே நிறுத்திக்கொள்ளத் தெரியாதவர்களை மறுநாள் கூட்டிப்போக மாட்டேன் என்று வழிகாட்டி டாம்சின் தொடக்கத்திலேயே சொல்லிவிட்டாள். ஃபெதர்டாப் சிகரத்துக்குப் போகும் முகட்டில் இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம். வாரமெல்லாம் பெய்த மழை அப்படியே உறைந்து, மலை கண்ணாடியாய்க் கிடந்தது. அதனால் அன்று மதியம் ஹோத்தம் சாலையோரம், அடிவாரத்தில் மெத்தென்று பனி குவிந்திருந்த ஒரு சிறு சரிவில், குழுவில் வந்த எல்லோரையும் வேண்டுமென்றே விழுந்து சறுக்கச் சொன்னாள்.

குழுவில் நெரிடாவும் இருந்தாள். கீவா பள்ளத்தாக்கில் தம்பி கிளைவோடு சேர்ந்து மாட்டுப்பண்ணை நடத்துகிறவள் அவள். முரட்டுக் காளையோடு மல்லுக்கு நிற்பாள். உயரம் என்றால் மட்டும் வைக்கோல் அடுக்கின் மேல் ஏறவே யோசிப்பாள். இந்தப் பயணத்துக்குப் பேர் கொடுத்தது கிளைவ்தான். அவனைத் தனியாக அனுப்ப மனமில்லாமல் அவளும் வந்திருந்தாள்.

“புதுசாப் பொறந்த கன்னுக்குட்டி மாதிரி நடுங்குற. சும்மா உக்காரு, மிச்சத்த மலை பாத்துக்கும்,” என்றான் கிளைவ்.

“நீ கொஞ்சம் வாய மூடுடா.”

உட்கார்ந்தாள். பிடித்துக்கொள்ள ஒன்றுமில்லாமல் உடம்பு கீழே பாய்ந்தது. டாம்சினின் குரல் எங்கிருந்தோ கேட்டது. புரண்டு குப்புறக் கவிழ்ந்து, கோடரியின் கூர்முனையைத் தோளால் பனிக்குள் அழுத்தினாள். முகத்தில் பனித்தூள் வாரி அடித்தது. எப்படியோ நின்றுவிட்டாள். எழுந்து பனியைத் தட்டிவிட்டுக்கொண்டாள்.

அடுத்தது கிளைவ். சிரித்துக்கொண்டேதான் இறங்கினான். சரியாகப் புரண்டான், கோடரியும் பனியில் ஆழ இறங்கியது. ஆனால் அதைப் பிடித்திருந்த வலது கையின் பிடி நழுவிவிட்டது. கோடரி மேலேயே நட்டுக்கொண்டு நிற்க, அவன் மட்டும் கவிழ்ந்தபடி போய், யூகலிப்டஸ் மரங்களுக்குச் சற்று முன்னால் பனிக்குவியலில் புதைந்தான்.

கையுறை வழுக்கிவிட்டது என்றான். எல்லோரும் சிரித்தார்கள். வேறு கையுறை போட்டுக்கொண்டு வந்து மறுபடி முயலும்படி டாம்சின் சொன்னாள்.

நெரிடா சிரிக்கவில்லை. பால் கறக்கும் கொட்டகையில் அந்தக் கை எதையாவது நழுவவிடுவதைக் கோடையிலிருந்தே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். கேட்டால் அசதி என்பான், பிறகு குளிர் என்பான். சட்டைப் பொத்தானை இடது கையாலேயே போடப் பழகியிருந்தான். அவர்களுடைய அப்பாவுக்கும் இப்படித்தான் தொடங்கியது. முதலில் கை, பிறகு கால், கடைசியில் தண்ணீர்கூட விழுங்க முடியாமல் போயிற்று. அந்த நோயின் பேச்சையே அந்த வீட்டில் யாரும் எடுப்பதில்லை.

கையுறை எடுக்கக் காருக்குப் போனவன் பின்னாலேயே போனாள். அவன் வலது கையைத் தொடையில் வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவே சதை வற்றிக் குழி விழுந்திருந்தது. அப்பாவின் கை அது. சரிவில் வந்த பயமெல்லாம் ஒன்றுமில்லை என்று அப்போது அவளுக்குத் தெரிந்தது. இந்தப் பயத்தில் நடுக்கம்கூட வரவில்லை. உடம்பு அப்படியே விறைத்துவிட்டது.

“வழுக்குனது கையுறை இல்ல, கிளைவ்.”

அவன் பையைக் கிளறி வேறு கையுறை தேடினான்.

“டாம்சின்கிட்ட நீயே சொல்றியா, நான் போய்ச் சொல்லட்டுமா?”

“சொன்னா அப்புறம் என் மூஞ்சிலயே முழிக்காத.”

“சரி, முழிக்கல. நீ உசுரோட இரு, அது போதும்.”

திறந்திருந்த கார்க் கதவோரம் உட்கார்ந்தான். பிறகு மெல்லச் சொன்னான்: “கை ஓடுறப்பவே ஒரு தடவ அங்க ஏறிடணும்னு நெனச்சேன், நெரி. டாக்டர்கிட்ட போனா அதுக்கு ஒரு பேரு வெச்சிடுவாங்க. பேரு வெக்காத வரைக்கும் அது வெறும் குளிருதானே?”

நெரிடா அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தனக்கும் பயமாகத்தான் இருக்கிறது என்றாள்.

நீயாவது மேலே போய்ப் பார்த்துவிட்டு வா என்று அவன் கேட்டுக்கொண்டான். நீ இப்போதே மருத்துவமனைக்குப் போன் செய்தால் போகிறேன் என்றாள் அவள். கிளைவ் அவளை முறைத்தான். அப்புறம் இடது கையால் போனை எடுத்தான். என்ன தொந்தரவு என்று அந்தப் பக்கம் கேட்டிருக்க வேண்டும். கை என்றான், அப்பாவுக்கு இருந்ததையும் சொன்னான். வியாழக்கிழமை வரச் சொன்னார்கள்.

டாம்சினிடம் அவனே போய்ப் பேசினான். அவள் திட்டவில்லை. முகட்டில் ஒருவர் சறுக்கினால் கீழே நிற்பவரையும் அடித்துக்கொண்டு போய்விடுவார் என்று மட்டும் சொல்லி, அவன் தோளைத் தொட்டாள். மறுபடி சறுக்கச் சொல்லவில்லை.

காலையில் முகட்டின் தொடக்கத்தில் மேகம் அடைத்துக்கொண்டு நின்றது. பூட்ஸுக்கு அடியில் இரும்புப்பற்களைக் கட்டும்போது நெரிடா வாரை இரண்டு தடவை அவிழ்த்துக் கட்டினாள். கிளைவ் காரில் சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டிருந்தான். அவன் கிண்டல் செய்யவில்லை என்பதே அவளுக்குக் கலக்கமாக இருந்தது.

டாம்சின் முன்னால் நடந்தாள். உறைந்த பனியில் இரும்பு கறுக்கென்று இறங்கும் சத்தம் கேட்டது. அவள் மிதித்த இடத்திலேயே நெரிடா தன் காலை வைத்தாள். பயம் போகவில்லை. அடுத்த காலையும் எடுத்து வைத்தாள்.