பூட்டுப் போட்ட வெந்நீர்

பிளம்பர் வாசிஃப் வாளியைக் குளியல் தொட்டிக்குள் வைத்துப் பச்சைத் தண்ணீர்க் குழாயைத் திறந்தார். கைபேசியில் நொடிகள் ஓடின. முப்பத்தைந்தாவது நொடியில் வாளி நிரம்பியது. கவிழ்த்துவிட்டு வெந்நீரைத் திறந்தார். பென்சில் கனத்தில் ஒழுகியது. நாலு நிமிடம் ஆகியும் முக்கால் வாளிதான்.

வாசலில் ஜவ்தத் குளியல் அங்கியோடு நின்றார். அமைச்சகத்தில் துணை இயக்குநராக இருந்தவர். அம்மான் நகரில் ஏழு வீடுகள் கொண்ட இந்தக் கட்டடத்துக்குக் கமிட்டித் தலைவர். பதவி போய் ஆறு வருடம் ஆகிறது. கதவிலிருந்த பித்தளைப் பலகைக்கு அந்தச் செய்தி இன்னும் போய்ச் சேரவில்லை.

"வாளி வெச்சு விளையாடவா உன்னைக் கூப்பிட்டேன்? வெந்நீரை யார் எடுக்கறான்னு எனக்குத் தெரியும். எப்படி எடுக்கறான்னு மட்டும் நீ கண்டுபிடி."

எடுப்பதாகச் சொல்லப்பட்டவர் வாசிஃபின் கருவிப் பையைச் சுமந்துகொண்டு அதே குளியலறையில் நின்றிருந்தார். பெயர் ரிஃப்அத். எகிப்துக்காரர். ஒன்பது வருடமாக இங்கே வாட்ச்மேன்.

வாசிஃப் குழாய் முனையின் வலையைக் கழற்றிப் பார்த்தார். சுத்தமாக இருந்தது. சமையலறைக்குப் போனார். அங்கேயும் வெந்நீர் மட்டும் மெலிந்து வந்தது.

"ரெண்டு இடத்துலயும் ஒரே மாதிரி. கோளாறு வீட்டுக்குள்ள இல்ல உஸ்தாத். மொட்டை மாடியில இருக்கு."

"அதைத்தான் ஒரு மாசமா நானும் சொல்றேன்" என்றார் ஜவ்தத், ரிஃப்அத்தைப் பார்த்து. "ராத்திரி மேல போய் கேன்ல பிடிக்கறான்."

படியேறும்போது ரிஃப்அத் குரலைத் தாழ்த்தினார். "மேஸ்திரி, வியாழக்கிழமையோட என் வேலை பர்மிட் முடியுது. இவர் கையெழுத்துப் போட்டாத்தான் புதுசு. நான் எடுக்கலைன்னு நிரூபிச்சாப் போடுறேன்னாரு."

"நீங்க எடுத்தீங்கன்னு அவருதானே நிரூபிக்கணும்?"

"நானும் அதைத்தான் கேட்டேன். எதிர்த்துப் பேசறியான்னு அதுக்குத் தனியாத் திட்டினாரு."

"முப்பது வருஷம் ஆபீஸ்ல உக்காந்தவரு. உயிரோட இருக்கறவன் கிட்டயே அதுக்குச் சான்றிதழ் கேட்டிருப்பாரு."

ரிஃப்அத் சிரிக்கவில்லை. "ஊர்ல பொண்ணு நர்சிங் ரெண்டாம் வருஷம். இப்பப் போய் நான் எங்க ஊர் ஸோஹாக்ல இறங்கினா, அதுவும் படிப்பை விட்டுட்டு வீட்டுக்கு வந்துடும்."

மொட்டை மாடியில் ஏழு வீட்டுத் தொட்டிகளும் வரிசையாக நின்றன. வாரத்தில் ஒரு நாள் வரும் தண்ணீர் அன்று காலைதான் வந்திருந்தது. ஜவ்தத்தின் தொட்டி விளிம்பு வரை நிறைந்திருந்தது. சோலார் ஹீட்டரின் கண்ணாடிக் குழாய்களில் ஒரு கீறல் இல்லை. அதிலிருந்து கீழே இறங்கும் குழாயில், வால்வு இருக்கவேண்டிய இடத்தில், ஓர் இரும்புப் பெட்டி. அதில் உள்ளங்கை அகலப் பூட்டு.

வாசிஃப் போன் போட்டார். "பெட்டிச் சாவியை ரிஃப்அத் கிட்டக் குடுத்தனுப்புங்க உஸ்தாத்."

"அவன் கையிலயா? உனக்கு மூளை இருக்கா?"

ஜவ்தத் தானே ஏறி வந்தார். வீட்டுச் செருப்பு, அங்கி, மூச்சிரைப்பு. கையால் மறைத்துக்கொண்டு பூட்டைத் திறந்தார். வாசிஃப் குனிந்து பார்த்தார். கதவை ஒரு முறை சாத்தினார், திறந்தார். மறுபடி சாத்தித் திறந்தார்.

"இங்க பாருங்க. கைப்பிடி குழாயோட நேரா நின்னா வால்வு முழுசாத் திறந்திருக்கு. குறுக்க நின்னா மூடியிருக்கு. இது ரெண்டுங்கெட்டானா நிக்குது. நீங்க சாத்தும்போது கதவோட உள்பக்கம் மடிச்ச உதடு கைப்பிடியை இடிச்சுத் தள்ளுது. பெட்டி எப்போ போட்டீங்க?"

"போன மாசம் பதினெட்டு. மூணாம் மாடிக்காரன் தொட்டியில திருட்டுன்னு சொன்னான். ஒரு முன்ஜாக்கிரதைதான்."

"வெந்நீர் எப்போ குறைஞ்சது?"

ஜவ்தத் பூட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ரிஃப்அத் மரியாதையாகச் சொன்னார்: "பத்தொன்பதாம் தேதி காலையில உஸ்தாத் என் ரூமுக்கு வந்து கத்தினாங்க."

வாசிஃப் கைப்பிடியை நேராக்கினார். குழாய்க்குள் தண்ணீர் பாயும் சத்தம் கேட்டது. ஜவ்தத்தின் போன் அடித்தது. கீழேயிருந்து அவர் மனைவி நுஹாவின் குரல் மூவருக்கும் கேட்டது.

"வெந்நீர் கொட்டுது. திருடனைப் பிடிச்சிட்டீங்களா?"

ஜவ்தத் போனை அணைத்தார். "பெட்டி செஞ்ச கொல்லன் முட்டாப்பய."

"அப்போ கையெழுத்து, உஸ்தாத்?" என்றார் ரிஃப்அத்.

"கமிட்டிக் கூட்டத்துல எல்லா வீட்டுக்காரங்க முன்னாடியும் நீ திருடன்னு சொல்லியாச்சு. நோட்டுலயும் ஏத்தியாச்சு. புது ஆள் நாளைக்கு வர்றான். இப்பப் போய் என் பூட்டுதான் காரணம்னு சொல்லச் சொல்றியா?"

"நான் வந்து சொல்றேன் உஸ்தாத்" என்றார் வாசிஃப்.

"உன்னை எவன் கேட்டான்? குழாய்க்கு வந்தவன் குழாயைப் பாரு."

 வாசிஃப் அறுக்கும் மெஷினை எடுத்தார். "பெட்டியையே எடுத்துடட்டுமா?"

"உதட்டை மட்டும் வெட்டு. பெட்டி இருக்கட்டும். புதுசா வர்றவன் எப்படிப்பட்டவனோ."

வெட்டி முடித்ததும் ஜவ்தத் பூட்டினார். இரண்டு முறை இழுத்துப் பார்த்தார். குளிக்கப் போனார்.

வாசிஃப் வண்டியில் பையை ஏற்றிவிட்டு முற்றத்துக்கு வந்தபோது ரிஃப்அத் தன் அறையைக் காலி செய்துகொண்டிருந்தார். இரண்டு அட்டைப்பெட்டி, ஒரு பர்னர், சுவரோரம் சுருட்டி வைத்த மெத்தை. குளிர் காதை அறுத்தது.

"பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வண்டியில வாங்கண்ணே."

"படியெல்லாம் கூட்டிட்டுச் சாவியைக் குடுக்கச் சொன்னாரு. முடிச்சுட்டு வர்றேன்."

கமிட்டித் தலைவர் வீட்டுக் குளியல் தண்ணீர் மட்டும் சாக்கடைக்குப் போகாமல் முற்றத்து எலுமிச்சைக்குப் போகும்படி வளைத்துவிடப்பட்டிருந்தது. மேலே குளியல் தொட்டியின் அடைப்பைப் பிடுங்கிவிட்டார்கள். வளைந்த குழாயிலிருந்து சோப்பு நுரையோடு வெந்நீர் குபுகுபுவென்று கொட்டியது. மரத்தடி நிரம்பி, தரையில் பரவி, சுவரோரம் வந்தது. ரிஃப்அத் துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்து மெத்தையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டார். ஒரு பக்கம் ஏற்கெனவே நனைந்து, தோளில் சொட்டியது. தண்ணீர் வடியட்டும் என்று அப்படியே நின்றார். கணுக்காலைச் சுற்றி ஆவி எழுந்தது.

மேலே மறுபடியும் குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.