நகுலின் போனுக்கு வந்த வெள்ளம்

மாட்டுங்கா அரங்கில் ஏசி நன்றாகவே வேலை செய்தது. பருவநிலை ஆபத்துகளை அரசு எப்படியெல்லாம் எதிர்கொண்டது என்ற வரலாற்றை நகுல் மேடையில் விளக்கிக்கொண்டிருந்தான். 2005-இல் மும்பையே முழுகியது. 2008-இல் தேசத்துக்கு ஒரு திட்டம் வந்தது. பிறகு மாநிலத்துக்கு ஒன்று, 2022-இல் மும்பைக்கே ஒன்று. அந்த வரிசையின் கடைசியில், அவன் வேலை பார்க்கும் கம்பெனி தாராவியின் ஒரு சந்துக்குச் செய்துகொடுத்த எச்சரிக்கைச் சேவை: தண்ணீர் புகுமுன் வீட்டுக்கு ஒரு மெசேஜ்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மேசைமேல் இருந்த அவன் போன் அதிர்ந்தது. "பேராச்சி, தண்ணீர் ஏறுகிறது. பொருள்களை மேலே வையுங்கள்." அடுத்து பக்கத்து வீட்டுப் பூலோகத்துக்கு. அடுத்து நஸீராவுக்கு. சந்து மொத்தத்துக்கும் போகவேண்டியது அவன் ஒருவனுக்கே வந்துகொண்டிருந்தது.

முன்வரிசையில் அவன் மேலாளர் பத்மஜா புருவத்தை உயர்த்தினார். அவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் போதும், சந்துக்கு யாரையாவது ஓடச் சொல்லலாம். ஆனால் அவருக்கு இரண்டு பக்கமும் அதிகாரிகள். நகுல் போனை சைலண்டில் போட்டுவிட்டு, "கடைசி வீடு வரை சேவை போய்ச் சேர்ந்திருக்கிறது" என்றான். கைதட்டினார்கள். அவனும் கொஞ்சம் தட்டினான்.

மறுநாள் காலை தாராவிக்குப் போனான். முறுக்குச் சுட்டு விற்கும் பேராச்சி, ஊறிப்போன மாவு மூட்டையை வாசலில் சரித்துக்கொண்டிருந்தாள்.

"வாங்க தம்பி. ஒங்க வெள்ளம் வந்துட்டுப் போயிட்டு."

"மெசேஜ் வரலியாக்கா?"

"எங்க வரும்? நம்பர் கேட்டு ஒங்க பையனுவ வந்தானுவல்லா, வீட்ட இடிக்கத்தான் கணக்கெடுக்கானுவன்னு பயந்துட்டோம். மீட்டிங்குல நீங்க குடுத்த கார்டு கையில இருந்துச்சு. எல்லாரும் அதுல உள்ள நம்பரையே சொல்லிட்டோம்." முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். "தப்பு எங்க பேர்லதான். ஒங்களுக்காவது வந்துச்சா?"

"இல்லக்கா. போன் ஆஃப்ல இருந்தது."

"அதான பாத்தேன். வந்திருந்தா சொல்லாம இருப்பியளா?"

உள்ளே இருந்த ஒரே காய்ந்த ஸ்டூலை எடுத்துவந்து போட்டாள். அவன் உட்காரவில்லை.

தண்ணீர் வடிந்தால் அதையும் வீட்டுக்கு ஒரு மெசேஜாகத் தெரிவிக்கும் சேவை அது. காலையில் சைலண்டிலிருந்து மாற்றியிருந்த போன் சட்டைப்பையில் ஒலித்தது. மறுபடி ஒலித்தது. நிற்கவே இல்லை.

பேராச்சி சட்டைப்பையைப் பார்த்தாள். பிறகு மாவைப் பார்த்தாள்.

"எடுங்க தம்பி. எங்களுக்காத்தான் இருக்கும்."